மழை கேட்காத ரகம்

மிதுனாவுக்கு மழை கேட்காது. மழையைப் பற்றி யாராவது பேசினால் கேட்கும். தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்து தெருவே காதைப் பொத்திக்கொண்டு நிற்கும்போதும் அவள் முன்னறையில் உட்கார்ந்து நிதானமாகத் தறித்துணியில் பழுது தேடி செக்கிங் செய்துகொண்டிருப்பாள். பக்கத்து வீட்டு சுகன்யா அக்கா வாசலில் வந்து, "மழை வெளுத்து வாங்குது, மாடில துணி கெடக்குது பாரு" என்று சொன்ன பிறகுதான் எழுந்து ஓடுவாள். அவளுடைய காது அந்த ரகம்.

ரகம் என்பது ஊர்ப் பேச்சு. சோமனூர்ப் பக்கத்தில் முன்பெல்லாம் துணிக்குத்தான் ரகம் பார்ப்பார்கள். விசைத்தறிச் சத்தத்தில் காது போனவர்களுக்கெல்லாம் காதுக்குப் பின்னால் சில்லு பொருத்தும் திட்டம் வந்ததிலிருந்து காதுக்கும் ரகம் வந்துவிட்டது. சில்லு எல்லோருக்கும் ஒன்றுதான். அதற்குள் ஓடுகிற இயங்குதளம்தான் வேறு வேறு. ஆதியில் 'நாதம்' என்று ஒன்றே ஒன்று இருந்தது. அதைச் செய்த இரண்டு பேருக்குள் முட்டிக்கொண்டது. மனிதனுக்குப் பேச்சு கேட்டால் போதும், மற்றதெல்லாம் இரைச்சல் என்றார் ஒருவர். இரைச்சலும் உலகம்தான், வடிகட்ட நீ யார் என்றார் இன்னொருவர். முதலாமவர் பிரிந்துபோய்ப் போட்டது 'தெளிவு'. இரண்டாமவர் போட்டது 'முழக்கம்'. இருவரையும் பிடிக்காத இளவட்டங்கள் ஒன்றுசேர்ந்து இலவசமாகப் போட்டது 'கூட்டு'.

மூன்றில் எதை எடுத்தாலும் ஏதாவது ஒன்று இருக்காது. தெளிவில் பேச்சு பளிச்சென்று கேட்கும். குக்கர் விசில் கேட்காது, பின்னால் வரும் லாரி கேட்காது. பாட்டுப் போட்டால் யாரோ கடுதாசி வாசிப்பதுபோல் வார்த்தை மட்டும் வரும். முழக்கத்தில் எறும்பு ஊர்வதுகூடக் கேட்கும் என்பார்கள். ஆனால் பஸ்ஸிலோ கல்யாண மண்டபத்திலோ நுழைந்தால் எல்லார் பேச்சும் ஒன்றாகக் கிளறிய உப்புமாதான். போன் பேசவும் முடியாது. அடுத்த பதிப்பில் வரும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டில் எல்லாமே உண்டு. நினைத்த நேரத்தில் அது தானே அணைந்து, சாவகாசமாகத் திரும்ப எழுந்து வரும். மிதுனாவின் தாய்மாமன் கூட்டுக்காரர். சொந்த மகள் கழுத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் காது அணைந்துபோய், கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தியிடம் ரசத்துக்குப் புளி போதவில்லை என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த லட்சணத்தில் ரகத்துக்கு ரகம் சண்டை வேறு. டீக்கடையில் கட்சி பிரிந்து உட்காருவார்கள். பெண் பார்க்கப் போனால் ஜாதகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, "காது என்ன ரகமுங்க?" என்று கேட்பது மரியாதையாகவே ஆகிவிட்டது. ஒரே வீட்டில் இரண்டு ரகம் இருந்தால் டிவி சத்தம் வைப்பதிலிருந்து தகராறு வரும் என்பது அனுபவம்.

பிரகதீஷ் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தபோது அப்படிக் கேட்டார்கள். தெளிவு என்று தெரிந்ததும் பிரகதீஷின் அம்மா முகம் மலர்ந்துபோனார். மிதுனாவின் அம்மாவைத் தனியாக அழைத்துப் போய் விஷயத்தைச் சொன்னார். பையனுக்குத் திக்குவாய். சின்ன வயதிலிருந்தே. தறி மெக்கானிக் வேலைக்குப் போனதே அதனால்தான். தறி ஓடுகிற இடத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது, எல்லாம் கைச்சாடைதான். "உங்க பொண்ணுக்கு அது தெரியவே தெரியாதாமுங்களே" என்றார்.

உண்மைதான். மற்ற இரண்டு ரகத்திலும் இல்லாத ஒன்று தெளிவில் இருந்தது. உடைந்து வரும் பேச்சை அது ஒட்டித் தரும். அறுந்த இழையை முடிச்சுப் போட்டுத் தறியை ஓட்டுவதுபோல, தடுமாறிய எழுத்தைத் தள்ளிவிட்டு, நடுவில் விழுந்த இடைவெளியை மூடி, ஒரே ஓட்டமாகக் காதுக்கு அனுப்பும். இதற்காகக் கொஞ்சம் தாமதித்துத்தான் எல்லாப் பேச்சையும் அனுப்பும். வாய் ஒன்று சொல்லும், குரல் பின்னால் வரும். டப்பிங் படம் மாதிரி. அதனால் தெளிவுக்காரர்கள் யாரும் எதிரே இருப்பவர் வாயைப் பார்க்க மாட்டார்கள். கண்ணைப் பார்த்தே பேசிப் பழகிவிடுவார்கள்.

அன்றைக்கு மிதுனா அவன் கண்ணைப் பார்த்துப் பேசினாள். அவன் சொல்லி முடித்ததற்குப் பதில் சொன்னாள். நடுவில் புகுந்து அவன் வார்த்தையை முடித்துக் கொடுக்கவில்லை, பாவம் என்று பார்க்கவில்லை. இப்படி ஒரு ஆள் தன் எதிரே உட்கார்ந்ததே இல்லை என்று கல்யாணத்துக்குப் பிறகு அவன் சொன்னான். அதன் பின் அவன் பேசிய பேச்சுக்கு அளவே கிடையாது. சமைக்கும்போது பேசுவான், சாப்பிடும்போது பேசுவான், எந்தத் தறிக்கூடத்தில் எந்த முதலாளி என்ன அலப்பறை செய்தார் என்று அபிநயம் பிடித்துச் சொல்வான். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அவனுடைய அம்மா கருமத்தம்பட்டியில் மூத்த மகனோடு இருந்தார். இவ்வளவு பேச்சை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தான் என்று மிதுனாவுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

குழந்தை பிறந்தபோதுதான் இடித்தது. பெண் குழந்தை. பிரசவ அறையில் நர்ஸ் சிரித்தாள், டாக்டர் சிரித்தார், குழந்தை வாயைத் திறந்து கை காலை உதைத்தது. மிதுனாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கம்பெனிக்கு எழுதினாள். அவளைப் போல ஏராளமான தாய்மார்கள் எழுதியிருந்தார்கள். அழுகை மொழி அல்ல, ஆகவே இப்போதைய பதிப்பில் அது இரைச்சலாகவே கருதப்படும், கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது.

"இன்னும் ஒரு வருஷத்துல கொழந்தை பேச ஆரம்பிச்சிரும், அப்ப கேக்கும்னு என்கிட்டயே சொல்றாங்க" என்றாள் ரெஹானா. சூலூரில் காது மையம் வைத்திருப்பவள். மிதுனாவின் சில்லுக்கு ஆரம்பத்திலிருந்து அவள்தான் எல்லாம். "அதைச் சொன்ன ஆளு பிள்ளை பெத்தவனா இருக்க மாட்டான்."

கையில் அதிரும் பட்டை ஒன்று வாங்கிக் கட்டிப் பார்த்தார்கள். குழந்தை அழுதால் அதிர வேண்டும். பக்கத்துச் சந்தில் தறி ஓடத் தொடங்கினால் வீடே அதிரும் ஊரில் அது எப்போதும் அதிர்ந்துகொண்டே இருந்தது. நூறு தடவை எழுந்துபோய்த் தூங்கும் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்தவள், கடைசியில் அதைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

ஒரு நாள் காலையில் அவள் சமையலறையில் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். பிரகதீஷ் வேலைக்குப் போயிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து தொட்டிலைப் பார்த்தால், குழந்தையின் கால் தொட்டில் கயிற்றில் சுற்றி இறுகிக் கிடந்தது. முகம் நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தது. அழுது அழுது குரல் போய், வாய் மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மிதுனா கயிற்றைப் பிரித்துக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டடி தூரத்தில் பெற்ற பிள்ளை கத்திக்கொண்டிருந்திருக்கிறது, தனக்கு மாவு அரைபடுவது மட்டும் தெரிந்திருக்கிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

அன்று மாலை சொன்னாள்: "நான் முழக்கத்துக்கு மாறிக்கறனுங்க."

பிரகதீஷ் குழந்தையின் காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். "நான் இருக்கறேனல்ல. அழுதா நான் சொல்றேன்."

"நீங்க தறிக்கூடத்துல இருக்கறப்ப?"

"அம்மாவ வரச் சொல்லலாம்."

"எத்தன நாளைக்குங்க? எம் பிள்ளை அழுதா எனக்குக் கேக்கோணும். அவ்வளவுதான்."

அவன் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். "முழக்கத்துல ஒட்டு கெடையாது, தெரியுமல்ல?"

"தெரியுமுங்க. நீங்க திக்கறதக் கேட்டா எனக்கு என்ன ஆயிரப் போவுது?"

"உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றான் பிரகதீஷ். அப்புறம் குழந்தையின் கால் விரல் ஒவ்வொன்றாக நீவிவிட்டு, "மாத்திக்க மிதுனா. கயிறு கழுத்துல சுத்தியிருந்தா என்ன பண்ணியிருப்போம்" என்றான்.

சூலூருக்கு மூவரும் போனார்கள். அவன் உள்ளே வரவில்லை. குழந்தையை வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றான். ரெஹானா பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினாள். "தெளிவுல நீங்க பழக்கி வச்ச குரல் எதுவும் இதுல வராது. ஒருத்தன் ஃபார்மட்டை இன்னொருத்தன் படிக்க மாட்டான். எல்லாரையும் புதுசாத்தான் கேட்டுப் பழகணும்" என்றாள்.

முதலில் மின்விசிறி வந்தது. பிறகு தன் வளையல், நாற்காலிக் கால், சாலையில் ஹாரன். வெளியிலிருந்து மெல்லிய கீச்சென்ற சிணுங்கல் ஒன்று வந்தது. அது எதுவென்று யாரும் சொல்லாமலே மிதுனாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரெஹானா கதவைத் திறந்து பிரகதீஷை உள்ளே வரச் சொல்லி, "ஏதாவது பேசுங்க சார், எப்படிக் கேக்குதுன்னு பாக்கலாம்" என்றாள்.

அவன் மனைவியைப் பார்த்தான். "மி" என்றான். அந்த எழுத்திலேயே நின்றுவிட்டான். உதடு மூடிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, கண் மேலே செருகியது. மிதுனா இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவன் வாயைப் பார்த்தாள். வாயும் குரலும் ஒரே நேரத்தில் வந்தன. வெறும் மூன்றெழுத்துப் பேருக்கு அவன் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள். அவன் அதற்குமேல் முயற்சி செய்யவில்லை. குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக் காட்டினான், போகலாம் என்று.

அதன்பின் வீட்டில் பேச்சு நின்றது.

குழந்தை அழுதால் மிதுனா பறந்து போனாள். பசி அழுகை வேறு, தூக்க அழுகை வேறு என்று இரண்டே நாளில் பிடிபட்டது. ஆனால் பிரகதீஷ் போனில் எழுத ஆரம்பித்தான். சாப்பாட்டுக்கு இரண்டு வார்த்தை, வெளியே போனால் ஒரு வார்த்தை. அவன் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அவள் போன் மினுங்கும். குழந்தையிடம்கூட அவன் பேசுவதில்லை. தோளில் போட்டு நடப்பான், முதுகைத் தட்டுவான், வாய் திறக்காது. குழந்தை தலையைத் தூக்கி அவன் முகத்தையே பார்க்கும், எதையோ காணோம் என்பதுபோல.

மிதுனா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். "எனக்கொண்ணும் வித்தியாசமாத் தெரியலீங்க" என்றாள். பொய் என்று அவனுக்குத் தெரிந்தது. ஒருமுறை 'கரண்ட்' என்று சொல்லவந்து அவன் 'க'வில் மாட்டிக்கொண்டபோது, தாங்க முடியாமல் அவளே சொல்லி முடித்துவிட்டாள். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அதற்கப்புறம் அவன் பேசவந்தால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் அவள் போனில் வந்தது: 'உம் மேல தப்பு இல்ல. நீ காத்துட்டு இருக்கறே. அது எனக்குத் தெரியுது. அதான் வர மாட்டேங்குது.'

அவள் அதைப் பலமுறை படித்தாள். குழந்தை அழுவது கேட்கிறது. அந்தக் குழந்தைக்கு அப்பன் குரல் இல்லாமல் போய்விட்டது. ஊரெல்லாம் வாய் மூடிக் கிடந்தவனுக்குப் பேச இருந்த ஒரே இடம் அவள்தான். அதையும் அவளே அடைத்துவிட்டாள் என்று தோன்றியது. தொட்டிலைக் கண் எதிரே, செக்கிங் மேசைக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டால் சமாளித்துவிடலாம். கயிற்றை மாற்றிக் கம்பி போட்டுவிடலாம்.

"நான் பழையபடிக்கே மாத்திக்கிட்டு வந்தர்றனுங்க" என்றாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். 'பாப்பா' என்று போனில் எழுதிக் காட்டினான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ரெஹானா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இப்ப முடியாது மிதுனா. எதிர்க்கட்சிக்குப் போயிட்டு வந்தவங்கள தெளிவுக்காரன் உடனே சேத்துக்க மாட்டான். புதுசா சாவி கேட்டு எழுதணும். வர ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமுங்களா? கூட்டுல ஒட்டு இருக்குதுங்களா?"

"இருக்குன்னுதான் சொல்றாங்க. இருக்கற நேரம் இருக்கும். பிள்ளைய வச்சுக்கிட்டு அதை நம்பாதீங்க" என்றாள் ரெஹானா. "நான் இன்னிக்கே எழுதிப் போடறேன். அதுவரைக்கும் வீட்டுல எடுத்துச் சொல்லுங்க."

திரும்பும் பஸ்ஸில் ஐம்பது பேர் பேச்சு ஒன்றாகக் கலந்து அவள் தலைக்குள் சுழன்றது. ஒரு மாதம் எப்படி ஓட்டுவது, அதற்குள் இந்த மௌனம் உறைந்துபோய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டே வந்தாள். வீட்டுப் படியேறி, நடக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள்.

பிரகதீஷ் முந்திக்கொண்டான். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவன், "சொன்னாக் கேக்க மாட்டியா மிதுனா நீ? அத்தன தூரம் தலைய ஆட்டறேன், செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டே. நாளைக்கு நான் பல்லடம் போயாகோணும், அந்த முருகேச கவுண்டர் தறி வேற மக்கர் பண்ணுது, பாப்பா அழுதா என்ன பண்ணுவே? கொஞ்சமாச்சும் ரோசனை இருக்குதா உனக்கு?" என்றான்.

மிதுனா அப்படியே நின்றாள்.

அவள் காதில் ஓடியது முழக்கம். அதில் ஒட்டுக் கிடையாது, தாமதம் கிடையாது. அவள் அவன் வாயையே பார்த்தாள். உதடு அசைந்தபோதெல்லாம் குரல் அதனுடனேயே வந்தது. எங்கும் நிற்கவில்லை, எங்கும் உடையவில்லை. 'மிதுனா' என்று தண்ணீர் குடிப்பதுபோலச் சொன்னான்.

"என்ன, புதுசாப் பாக்கறாப்ல பாக்கறே?" என்று சிரித்தான். "மாத்தியாச்சல்ல?"

வாசலில் சுகன்யா அக்கா எட்டிப் பார்த்தாள். "தம்பி, எங்கூட்டு மோட்டாரு ஓடலீங்க, செத்த வந்து பாக்கறீங்களா?"

அவன் திரும்பினான். "வ" என்றான். "வ, வ" என்றான். கழுத்து நரம்பு புடைத்தது. கடைசியில் கையைக் காட்டி, வருகிறேன் என்று தலையசைத்தான்.

சுகன்யா அக்கா போனதும் மிதுனாவுக்கு எல்லாம் விளங்கியது. இத்தனை வருடம் அந்த இயங்குதளம் அவன் பேச்சில் எதையும் ஒட்டவில்லை. ஆரம்பத்தில் ஒட்டியிருக்கலாம். எப்போதோ ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. இவளுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் அவன் திக்குவதையே விட்டுவிட்டிருக்கிறான். அவனுக்கும் அது தெரியாது. திக்கிக்கொண்டுதான் இருக்கிறோம், இவளுக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். சொன்னால் அடுத்த வார்த்தையிலேயே அவன் நின்றுவிடுவான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"மாத்தியாச்சுங்க" என்றாள்.

அன்றே ரெஹானாவுக்கு, சாவி வேண்டாம் என்று எழுதினாள். வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டாரா என்று ரெஹானா கேட்டதற்கு, ஆமாம் என்று எழுதினாள். முழக்கத்தில் போன் பேச முடியாததால், போன் வந்தால் ஸ்பீக்கர் போய்விட்டது என்று சொல்லி எடுக்காமல் விட்டாள். கடைத்தெருவில் ஹாரன் அடித்தால் திரும்பாமல் நடக்கப் பழகினாள். அவன் வீட்டில் இல்லாத நேரமெல்லாம் குழந்தை ஒரு சிணுங்கல் சிணுங்கினால் போதும், ஓடிப்போய் எடுத்துக்கொண்டாள். அவன் இருக்கும்போதுதான் சிரமம்.

அவன் பல்லடம் போய்வந்த மறுநாள் சாயங்காலம் அவள் மேசை மேல் துணியை விரித்து, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பிரகதீஷ் உள்ளறையில் குழந்தையிடம் முருகேச கவுண்டர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான், தறி சத்தத்தோடு, கவுண்டர் மூக்குறிஞ்சும் சத்தத்தோடு. குழந்தை கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பசி அழுகையை ஆரம்பித்தது. அவன் ஏதேதோ சமாதானம் சொல்லிப் பார்த்தான். அழுகை ஏறியது. மிதுனாவின் மார்பில் பால் கட்டிக் கனத்தது, ஜாக்கெட் நனைந்தது. அவள் துணியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் தானாக எழுந்தது. தரையில் ஊன்றி நிறுத்திக்கொண்டாள்.

அவன் குழந்தையோடு வெளியே வந்து அவள் தோளைத் தொட்டான்.

"பாப்பாவுக்குப் பசியாட்ட இருக்குது மிதுனா, அப்ப இருந்து வீடே இடியறாப்ல அழுவறா."

மிதுனா திரும்பி அவன் கண்ணைப் பார்த்தாள்.

"அப்படீங்களா?" என்று கேட்டுக் குழந்தைக்குக் கையை நீட்டினாள்.